ஆள்மாறாட்டம்: சல்ஃபா மருந்துகள் வேலை செய்யும் விதம்

பெரும்பாலான பாக்டீரியாக்கள் தங்களுக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தாங்களே செய்துகொள்கின்றன. மனித உடலுக்கு அந்தத் தொழில் தெரியாது. கீரை, பயறு, ஈரல், முட்டை என்று தின்கிற உணவிலிருந்துதான் அது வந்து சேர வேண்டும். நமக்கு அது வைட்டமின் ஆனது அதனால்தான். கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் கூடவே இருப்பதும் இதே பொருள். பாக்டீரியா வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறது, மனிதன் வெளியில் வாங்கிச் சாப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்பை அணைத்தால் பட்டினி கிடக்கப்போவது யார் என்பதில் சந்தேகமில்லை. சல்ஃபோனமைடுகள், அதாவது மருந்துக்கடையில் சல்ஃபா என்று அழைக்கப்படும் மருந்துகள், அணைப்பது அந்த அடுப்பைத்தான்.

ஃபோலிக் அமிலம் உயிரணுவுக்குள் அப்படியே பயன்படுவதில்லை. அது டெட்ராஹைட்ரோஃபோலேட் என்ற வடிவத்துக்கு மாறிய பிறகே வேலைக்கு ஆகும். அதன் வேலை ஒரு சுமைகூலியின் வேலை: ஒரே ஒரு கார்பன் அணுவைத் தாங்கிய சிறு துண்டை ஒரு மூலக்கூறிலிருந்து வாங்கி இன்னொன்றிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. கேட்பதற்குச் சாதாரணம். ஆனால் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமின் உருவாவதற்குக் கடைசியாகச் சேர வேண்டிய கார்பன் இந்தச் சுமைகூலி வழியாகத்தான் வருகிறது. அடினின், குவானின் ஆகியவற்றின் வளையங்களைக் கட்டுவதற்கும், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களுக்கும் இதே ஆள்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியக்கூடிய ஒரு பாக்டீரியா, ஒவ்வொரு முறையும் தன் டி.என்.ஏ. முழுவதையும் புதிதாகப் படியெடுக்க வேண்டும். ஃபோலேட்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் அந்தப் படியெடுப்பு பாதியில் நின்றுபோகும்.

பாக்டீரியா இந்த ஃபோலேட்டை மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்கிறது. முதல் துண்டு டெரிடின் என்ற இரட்டை வளையம். இரண்டாவது பாரா அமினோ பென்சாயிக் அமிலம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வேதியியலார் இதை ‘பாபா’ என்றே சொல்கிறார்கள். மூன்றாவது குளூட்டமிக் அமிலம். டெரிடின் துண்டையும் பாபாவையும் இணைக்கிற நொதியின் பெயர் டைஹைட்ரோடெரோயேட் சின்தேஸ். வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் கதை முழுவதும் இந்த நொதிக்குள்தான் நடக்கிறது என்பதால் அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நொதியின் நடுவே ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் டெரிடின் முதலில் வந்து உட்கார்கிறது. அதன் வாலில் இரண்டு பாஸ்ஃபேட்டுகள் தொங்குகின்றன. அந்தப் பாஸ்ஃபேட் வால் கழன்று விழும் தருணத்தில் டெரிடின் ஒரு கார்பனில் நேர்மின்னேற்றத்தோடு, பிடிமானம் தேடி நிற்கிறது. பக்கத்தில் பாபாவுக்கென்றே அமைந்த ஒரு சிறு குழி. அதில் பாபா தன் அமினோ முனையை உள்ளே நீட்டி, அமில முனையை வெளிப்பக்கம் வைத்து உட்காருகிறது. அமினோ முனையிலுள்ள நைட்ரஜன் டெரிடினைப் பற்றிக்கொள்கிறது. ஒட்டியாயிற்று. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையின் ஆய்வாளர்கள் பிளேக் கிருமி, ஆந்த்ராக்ஸ் கிருமி ஆகியவற்றின் நொதிகளைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் இந்தக் காட்சியைக் கட்டம் கட்டமாகப் பிடித்து 2012-இல் வெளியிட்டார்கள்.

இப்போது சல்ஃபா. சல்ஃபா மருந்துகளில் மிக எளியது சல்ஃபனிலமைடு. பாபாவைப் போலவே இதிலும் நடுவில் ஒரு பென்சீன் வளையம். ஒரு முனையில் அதே அமினோ தொகுதி. எதிர்முனையில் மட்டும் வேறுபாடு: பாபாவில் கார்பாக்சில் தொகுதி இருக்குமிடத்தில் இதில் கந்தக அணுவைக் கொண்ட சல்ஃபோனமைடு தொகுதி. பாபாவின் நீளம் சுமார் 6.7 ஆங்ஸ்ட்ராம், சல்ஃபனிலமைடின் நீளம் சுமார் 6.9. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அகலத்திலும் ஏறக்குறைய இதே அளவு நெருக்கம்தான். நொதிக்குக் கண் கிடையாது. குழிக்குள் பொருந்துகிறதா, மின்னேற்றம் சரியான இடத்தில் இருக்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். சல்ஃபா அந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. பாபாவின் இருக்கையில் சல்ஃபா ஏறி அமர்ந்துகொள்ள, உண்மையான பாபா வெளியே காத்திருக்கிறது.

உட்கார்ந்ததோடு நிற்பதுமில்லை. சில சமயம் நொதி ஏமாந்து, சல்ஃபாவையே டெரிடினோடு ஒட்டிவிடுகிறது. அப்படி உருவாகும் இணைப்பு அடுத்த கட்டத்துக்குப் போகாது. குளூட்டமிக் அமிலம் வந்து சேர அதில் இடமே இல்லை. ஆக இருக்கையும் போயிற்று, செலவழித்த டெரிடினும் வீண்.

இது நிரந்தரமான அடைப்பல்ல. சல்ஃபா நொதியோடு கெட்டியாகப் பிணைந்துவிடுவதில்லை. வருகிறது, அமர்கிறது, எழுந்து போகிறது. எந்த நேரத்தில் யார் இருக்கையில் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள கூட்டத்தில் யார் அதிகம் என்பதுதான். மருந்தின் பல குணங்களுக்கு விளக்கம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. பாபாவைவிட மிக அதிகமான அளவில் சல்ஃபா இருந்தால்தான் வேலை நடக்கும். அதனால்தான் மற்றப் பல நுண்ணுயிர்க்கொல்லிகளோடு ஒப்பிட்டால் சல்ஃபாவைப் பெரிய அளவில் கொடுக்க வேண்டியிருக்கிறது. சீழ் கட்டிய புண்ணில் சல்ஃபா தடுமாறுவதும் இதனால்தான். சீழ் என்பது செத்த வெள்ளணுக்களும் சிதைந்த திசுவும் சேர்ந்த குழம்பு. அதில் பாபாவும், தைமினைத் தாங்கிய தைமிடினும் தாராளமாக மிதக்கின்றன. பாக்டீரியாவுக்கு அங்கே ஊரார் வீட்டுச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. சீழை வெட்டி எடுத்துவிட்டு மருந்து கொடுத்தால் பலிக்கும் என்பதைக் காரணம் தெரிவதற்கு முன்பே அறுவை மருத்துவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். மரத்துப்போக ஊசி போடும் புரோக்கெய்ன் பாபாவிலிருந்து செய்யப்படுவது. உடலில் அது உடைந்தால் பாபாவே வெளிவருகிறது. அதுவும் சல்ஃபாவுக்கு எதிராக வேலை செய்யக்கூடியது.

மருந்து உள்ளே போன உடனே பாக்டீரியா நின்றுவிடுவதும் இல்லை. ஏற்கெனவே செய்து வைத்த ஃபோலேட் கையிருப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அந்தக் கையிருப்பு மகள் செல்களுக்குப் பாதிப் பாதியாகப் பங்கு போகிறது. சில தலைமுறைகள் கழித்துத்தான் பானை காலியாகும். காலியானதும் பெருக்கம் நிற்கிறது, ஆனால் பாக்டீரியா பெரும்பாலும் சாவதில்லை. பெருக்கம் நின்ற கிருமிகளை அழித்து முடிக்கும் வேலை வெள்ளணுக்களுடையது. நோயெதிர்ப்பு ஆற்றல் அறவே குன்றிய உடலில் சல்ஃபா மட்டும் போதாமல் போவது இதனால்தான்.

இவ்வளவும் தெரியவந்த வரிசை இப்படி நேராக இல்லை. முதலில் கிடைத்தது மருந்து, அதுவும் துணிச்சாயத்தின் வடிவில். ஜெர்மனியின் எல்பர்ஃபெல்டில் பேயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் யோசெஃப் கிளாரர், ஃபிரிட்ஸ் மீட்ச் என்ற இரண்டு வேதியியலார் சாயப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துதர, கெர்ஹார்ட் டோமாக் அவற்றை எலிகளிடம் சோதித்துவந்தார். 1932 டிசம்பரில் ஒரு செஞ்சாயம் பலித்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றப்பட்ட எலிகளில் மருந்து பெற்ற 12-உம் பிழைத்தன; பெறாத 14-உம் செத்தன. புரொன்டோசில் என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1935-இல் டோமாக் முடிவுகளை வெளியிட்டார். அந்த ஆண்டின் இறுதியில் அவருடைய சிறு மகள் ஹில்டகார்டின் கையில் தையல் ஊசி ஏறி, கிருமி பரவி, கையையே எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. அப்பா தன் ஆய்வகத்துச் சாயத்தைக் கொடுத்தார், கை தப்பியது. 1939-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது நாஜி அரசு அதை ஏற்கவிடவில்லை. பதக்கத்தை அவர் 1947-இல்தான் வாங்கிக்கொண்டார். பரிசுப் பணம் அதற்குள் காலாவதியாகிவிட்டது.

புரொன்டோசிலில் ஒரு புதிர் இருந்தது. எலியின் உடம்பில் அற்புதமாக வேலை செய்த சாயம், சோதனைக் குழாயில் அதே கிருமியை ஒன்றுமே செய்யவில்லை. புதிரை அவிழ்த்தவர்கள் பாரிஸின் பாஸ்தர் நிறுவனத்தில் எர்னெஸ்ட் ஃபூர்னோவின் ஆய்வகத்தைச் சேர்ந்த திரெஃபுவேல் தம்பதியர், நீட்டி, போவே ஆகியோர். உடலுக்குள் போனதும் சாயம் இரண்டாக உடைகிறது. நிறம் தரும் பாதிக்கு மருந்துக் குணமே இல்லை. நிறமற்ற மறுபாதியான சல்ஃபனிலமைடுதான் மருந்து. இது 1935 நவம்பரில் வெளியானது. சல்ஃபனிலமைடையோ, வியன்னாவில் பால் கெல்மோ என்ற மாணவர் 1908-லேயே செய்து எழுதிவைத்திருந்தார். அதற்கு யாரும் புதிதாகக் காப்புரிமை கேட்க முடியாது. சாயத்துக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்த நிறுவனத்துக்கு இது எவ்வளவு கசப்பான செய்தியாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அதன் பிறகு யார் வேண்டுமானாலும் சல்ஃபனிலமைடு தயாரிக்கலாம் என்றாயிற்று, தயாரித்தார்கள். லண்டனில் லெனார்டு கோல்புரூக் பிரசவக் காய்ச்சலுக்கு இதைக் கொடுத்து, தாய்மார்களின் மரணம் வெகுவாகக் குறைந்ததை 1936-இல் காட்டினார். மறுவருடம் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபனிலமைடை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து இனிப்புத் திரவமாக விற்றதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கொன்றது மருந்தல்ல, கரைப்பான். மருந்தை விற்பதற்கு முன் பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற 1938-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் வந்தது இந்தச் சாவுகளால்தான்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு விடை 1940-இல் லண்டனில், டொனால்டு உட்ஸின் சோதனைக் குழாய்களில் கிடைத்தது. கிருமி வளரும் சாறு தெளிவாக இருந்தால் கிருமி பெருகவில்லை; கலங்கியிருந்தால் பெருகியிருக்கிறது. சல்ஃபனிலமைடு கலந்த சாறு தெளிவாகவே நின்றது. அதில் ஈஸ்ட் சாரத்தைச் சேர்த்தால் கலங்கியது. ஆக, சல்ஃபாவின் கையைக் கட்டிப்போடும் ஏதோ ஒன்று ஈஸ்டில் இருந்தது. அந்த ஏதோ ஒன்றின் வேதிக் குணங்கள் சல்ஃபனிலமைடின் குணங்களை ஒத்திருப்பதைக் கவனித்த உட்ஸ், அதைப் போன்ற வடிவமுள்ள பாபாவை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இம்மியளவு பாபா, தன்னைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சல்ஃபனிலமைடைச் செயலிழக்கச் செய்தது. பாபா பாக்டீரியாவுக்கு அவசியமான ஒரு பொருள் என்றும், சல்ஃபா அதன் இடத்தைப் பிடிக்கிறது என்றும் அவர் ஊகித்தார். பாபாவைக் கொண்டு பாக்டீரியா என்ன செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தெரியவைத்தது இன்னொரு கதை. அது பம்பாயில் தொடங்குகிறது. அங்கே ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த கருவுற்ற பெண்களை வாட்டிய ஒருவகை இரத்தசோகை, மார்மைட் என்ற ஈஸ்ட் சாரத்தால் குணமாவதை ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1931-இல் எழுதினார். அதிலிருந்த பொருளை 1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து சிறிதளவு பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1940-களின் நடுவில் லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு அதைச் செயற்கையாகச் செய்து, அமைப்பையும் உறுதிப்படுத்தியது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் அறுவைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அமைப்பை விரித்துப் பார்த்தபோது ஃபோலிக் அமிலத்தின் நட்டநடுவில் பாபா உட்கார்ந்திருந்தது. உட்ஸின் ஊகத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அடிப்படை அறிந்தபின் வேதியியலார் கைவைத்தது மூலக்கூறின் வால்பக்கத்தில். அமினோ முனையை மாற்றினால் ஆள்மாறாட்டம் கெட்டுவிடும். அது அப்படியே இருக்க வேண்டும். சல்ஃபோனமைடு தொகுதியின் நைட்ரஜனில் மட்டும் வெவ்வேறு வளையங்களைத் தொங்கவிட்டார்கள். சல்ஃபாபிரிடின், சல்ஃபாதயசோல், சல்ஃபாடயசின், சல்ஃபாமெத்தாக்சசோல் எல்லாம் இப்படி வந்தவை. வளையம் சேர்ந்ததும் அந்த நைட்ரஜனிலிருந்து ஹைட்ரஜன் எளிதாகக் கழன்று மின்னேற்றம் உண்டாகிறது. குழிக்குள் பாபாவின் அமில முனையைப் போல இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. 1943 டிசம்பரில் துனிசியாவில் நிமோனியாவில் விழுந்த சர்ச்சிலுக்குக் கொடுக்கப்பட்டதும் ஒரு சல்ஃபா மருந்துதான். பழைய சல்ஃபாக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: சிறுநீரில் சரியாகக் கரையாமல் சிறுநீரகத்துக்குள்ளேயே ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும். சல்ஃபா எழுதிக்கொடுக்கும் மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அந்தக் காலத்திலிருந்து வருகிற வழக்கம், இன்றும் தேவையானதே.

இன்று தனி சல்ஃபாவை அரிதாகவே காண முடியும். தமிழ்நாட்டு வீடுகளில் செப்ட்ரான் என்ற பெயரில் பழகிய மாத்திரை இரண்டு மருந்துகளின் கூட்டு: 400 மில்லிகிராம் சல்ஃபாமெத்தாக்சசோல், 80 மில்லிகிராம் டிரைமெத்தோபிரிம். ஃபோலேட் தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் டைஹைட்ரோஃபோலேட்டை டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக மாற்றும் ரிடக்டேஸ் நொதியை டிரைமெத்தோபிரிம் பிடித்துக்கொள்கிறது. இந்த நொதி மனிதனிடமும் உண்டு. ஆனால் பாக்டீரியாவின் நொதியை அது பல ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பற்றுவதால் நாம் தப்பிக்கிறோம். சல்ஃபா முன்வாசலை அடைக்க, இது பின்வாசலை அடைக்கிறது. தனித்தனியே பெருக்கத்தை மட்டும் நிறுத்தும் இரண்டும் சேர்ந்தால் பல கிருமிகளைக் கொன்றே விடுகின்றன. மாத்திரையில் 5-க்கு 1 என்றிருக்கும் விகிதம் இரத்தத்தில் ஏறத்தாழ 20-க்கு 1 ஆகிறது. கூட்டு நன்றாக வேலை செய்வது அந்த விகிதத்தில்தான்.

பாபாவின் குழி பாக்டீரியாவுக்கு மட்டும் சொந்தமல்ல. மலேரியா ஒட்டுண்ணி, டாக்ஸோபிளாஸ்மா, எய்ட்ஸ் நோயாளிகளின் நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் பூஞ்சை ஆகியவையும் ஃபோலேட்டைத் தாங்களே சமைக்கின்றன. சல்ஃபா இவற்றுக்கும் மருந்து. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் கண்டிப்பாகப் பார்த்தால் சல்ஃபோனமைடு அல்ல, சல்ஃபோன். ஆனால் அது போய் உட்காரும் குழி இதேதான். அந்த டாப்சோனை 1940-களில் தொழுநோயாளிகளுக்கு ஊசி வழியாகக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் செங்கல்பட்டில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன். உலகெங்கும் பின்னாளில் பரவிய ஒரு சிகிச்சையின் தொடக்கத்தில் செங்கல்பட்டுக்கு ஓர் இடம் உண்டு என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

மனித உடலில் சல்ஃபாவுக்கென்று இருக்கை இல்லாவிட்டாலும், அது தொந்தரவே தராமல் போய்விடுவதில்லை. தோல் தடிப்பு அடிக்கடி வருகிறது. அபூர்வமாகத் தோலும் வாய்ச்சவ்வும் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரலாம். இதற்குப் பெரும்பங்கு பொறுப்பு, ஆள்மாறாட்டத்துக்கு உதவிய அதே அமினோ முனை. கல்லீரல் அதை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது உண்டாகும் பொருள்கள் உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையலாம். பிறந்த குழந்தைக்குக் கொடுப்பதில்லை. இரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும் பிலிரூபினைச் சல்ஃபா கழற்றிவிட்டு, அது மூளையில் போய்ப் படியக்கூடும்.

பாக்டீரியாவும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள்ளாகவே மேகவெட்டைக் கிருமி சல்ஃபாவுக்குப் பழகிவிட்டிருந்தது. வழிகள் பல. சில ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் பாபாவை அளவுக்கு மீறி உற்பத்தி செய்து கூட்டத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொள்கின்றன. என்டரோகாக்கஸ் வெளியிலிருந்தே ஃபோலேட்டை எடுத்துக்கொள்ளும். வேறு சில, நொதியின் குழியையே இலேசாக மாற்றிக்கொள்கின்றன. இங்கேதான் 2012-இன் படிக ஆய்வு உதவியது. சல்ஃபா பாபாவைப் போலத்தான் அமர்கிறது, ஆனால் வேதியியலார் தொங்கவிட்ட வளையம் பாபா தொடாத இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பைத் தரும் மாற்றங்கள் பெரும்பாலும் அந்த நீட்டம் உரசுகிற இடத்தைச் சுற்றியே நிகழ்கின்றன. பாபாவுக்கு இடைஞ்சல் இல்லை, சல்ஃபாவுக்கு மட்டும் இடிக்கிறது.

மருத்துவமனைகளில் அதிகம் காணப்படுவது இதைவிட எளிய வழி: கடன் வாங்குதல். சல்1, சல்2, சல்3 என்ற மரபணுக்கள் பிளாஸ்மிட் வளையங்களில் ஏறி ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்கின்றன. 1950-களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமி சல்ஃபாவோடு ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோரம்ஃபெனிகால் ஆகியவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணியாமல் போனதை ஆராய்ந்தபோதுதான் இப்படி எதிர்ப்பு கைமாறும் வழி வெளிச்சத்துக்கு வந்தது. சல் மரபணு தருவது பாபாவைக் கையாளும் ஒரு மாற்று நொதி. அதன் குழியின் ஓரத்தில் ஃபினைல்அலனின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் கூடுதலாக நுழைந்திருக்கின்றன. அந்தச் சிறு திருத்தமே சல்ஃபாவை வெளியே தள்ளப் போதும் என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. வரிசையில் நான்காவதான சல்4 2017-இல் அறியப்பட்டது. அது கிடைத்தது நோயாளியிடமிருந்து அல்ல, இந்தியாவில் மருந்துக் கழிவு கலந்த ஓர் ஆற்றின் அடிச்சேற்றிலிருந்து.